ஒரே பெரலில் எடுத்த இரண்டு போத்தல்கள்

மகன், பொதியைப் பிரித்ததும் போத்தல்களைத் தூக்கி ஆட்டிவிடாதே. முதலில் இதை வாசித்து முடி. இரண்டு போத்தல்களிலும் இருப்பது தேங்காய் எண்ணெய். இரண்டும் ஒரே பெரலிலிருந்து எடுத்தவை. அந்த இரும்புப் பெரல் இப்போது நம் முற்றத்தில் மாமரத்துக்குக் கீழே நிற்கிறது. உன் கலியாணத்துக்குப் பலகாரம் சுடுவதற்கென்று, பெரிய மில் வைத்திருக்கிற எண்ணெய் முதலாளி லொறியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். கழுத்தில் சிவப்பு நாடா கட்டி, 'மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பளிப்பு' என்று எழுதிய மட்டையையும் தொங்கவிட்டிருக்கிறார். இறக்கிவைத்த சாரதி, "டீச்சர், முதலாளி சொல்லச் சொன்னவர், இது உங்கட மகன் பாஸ் பண்ணின எண்ணெய்தானாம், பயப்பிடாமச் சுடட்டாம்" என்று பல்லைக் காட்டினான். நானும் சிரித்துத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். வகுப்பறையில் காலம் கழித்தவளுக்கு முகத்தை அடக்கிவைக்கத் தெரியும். அவன் போன பிறகு அடுப்படிக்குள் போய் நின்று என்ன செய்தேன் என்பதை உனக்கு எழுதப்போவதில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை பலகாரச் சூடு. மாப்பிள்ளையின் தாய்தான் அடுப்பு மூட்டவேண்டும், முதல் பணியாரத்தை அவள்தான் எண்ணெய் கொதிக்கிற தாச்சியில் போடவேண்டும் என்பது உனக்குத் தெரியும். பயறு வறுத்து இடித்தாயிற்று. சின்னம்மா உடப்புக் கிராமத்திலிருந்து வந்து அரிசிமாவும் அரித்து வைத்துவிட்டாள். ஒழுங்கையிலுள்ள பெண்கள் எல்லாரும் தங்கள் தங்கள் அகப்பையோடு வருவார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தாச்சியைச் சுற்றி நின்று உடைந்த முறுக்கைக் கேட்டு வாங்கித் தின்னும். பிறகு அந்தப் பலகாரம் ஊர் முழுக்கப் பெட்டி பெட்டியாகப் போகும். நீ இந்த எண்ணெயைச் சோதித்து அதன் முடிவை எனக்குச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை நான் அடுப்பு மூட்டமாட்டேன். ஏன் மூட்டவில்லை என்று கேட்பார்கள். கேட்டால் சொல்வேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லையென்றால், அம்மா வழக்கம்போலப் புலம்புகிறாள் என்று நீ இதை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிடுவாய்.

வேறு எண்ணெய் வாங்கிச் சுட்டால் என்ன என்று நீ கேட்கலாம். சின்னம்மாவும் அதைத்தான் கேட்டாள். வாங்கலாம். அந்தப் பெரலை அப்படியே கழிவு வாய்க்காலுக்குள் கவிழ்த்தும் விடலாம். ஆனால் அதே எண்ணெய் நம் ஒழுங்கையில் எல்லா வீட்டு அடுப்படியிலும் இருக்கிறது, மகன். அவர்கள் அதை வாங்குவது உன் பெயரைப் பார்த்து. என் வீட்டுத் தாச்சியில் மட்டும் வேறு எண்ணெய் ஊற்றிக்கொண்டு அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு முடியாது.

நீ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, இந்தக் கரையிலுள்ள மில்களின் எண்ணெயில் பூஞ்சண நஞ்சு இருக்கிறதா என்று உங்கள் விரிவுரையாளர் பார்க்கப்போகிறார் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். அப்பாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை. நம் சின்ன மில்லுக்குள் சாரத்தோடும் வெறும் மேலோடும் நிற்கிற மனிதர் அன்று சேட்டுப் போட்டுக்கொண்டார். நாட்கணக்காக அசையாமல் நின்ற பெரலைத் தேர்ந்தெடுத்தார். மண்டி எழும்பிவிடுமென்று அதைத் தொடக்கூட ஒருவரையும் விடவில்லை. அகப்பையை வெள்ளைத் துணியால் துடைத்து, சோதனைக்கான மாதிரியென்று மேலாக ஒரு அள்ளு அள்ளிப் போத்தலில் வார்த்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் மாதிரி இருந்தது. "சேர்ட்ட குடுக்கேக்க, இது எங்கட மில் எண்டு சொல்லு தம்பி" என்றார்.

நீ சிரித்தாய். சிரித்துச் சிரித்து அங்கிருந்த கொப்பறாச் சாக்கிலேயே உட்கார்ந்துவிட்டாய். "அப்பா, இது மாதிரி இல்ல. இது அன்பளிப்பு" என்றாய். அவருக்கு விளங்கவில்லை. "அப்ப, படிச்ச மனிசருக்கு அடிமண்டியையா குடுக்கிறது?" என்று கேட்டார். நம் ஊரில் யாரிடம் கேட்டாலும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். ஐயர் வந்தாலும், அரசாங்கக் கந்தோரிலிருந்து ஆள் வந்தாலும், சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தாலும், மேலே தெளிந்ததைத்தான் அள்ளிக் கொடுப்போம். அடியில் தங்கியது விளக்குக்கும் சவர்க்காரத்துக்கும் போகும். வருகிறவருக்குக் கலங்கலைக் கொடுப்பதென்றால் அவரை வாசலில் நிறுத்திப் பேசுவது போல. அந்த மரியாதைதான் பிழை என்று நீ அன்று சொன்னாய். பூஞ்சணம் எல்லாத் தேங்காயிலும் பிடிப்பதில்லை, ஒரு சாக்கில் ஒரு கொப்பறாப் பாதியில் இருக்கும், பக்கத்துப் பாதியில் இருக்காது என்றாய். சுத்திகரிக்காத எண்ணெயில் அந்த நஞ்சில் ஒரு பங்கு கண்ணுக்குத் தெரியாத தூளோடு ஒட்டிக்கொண்டு அடியில் போய்த் தங்கிவிடும் என்றாய். ஆகவே அடியிலிருந்து நன்றாகக் கலக்கி, மேலே கொஞ்சம், நடுவில் கொஞ்சம், அடியில் கொஞ்சம் எடுத்து, அவற்றையும் ஒன்றாகக் கலந்து, அதிலிருந்துதான் போத்தலை நிரப்பவேண்டும். இப்படி எடுக்காத மாதிரியை எவ்வளவு பெரிய இயந்திரத்தில் வைத்தாலும் ஒரு பயனுமில்லை என்றாய். அப்பா என் வகுப்பில் பின் வரிசை வாங்கிலிருக்கும் பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு கட்டையை எடுத்துக் கலக்கினார். அந்தக் கலங்கலை உன் கையில் தரும்போது வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நம் எண்ணெய் தேறவில்லை. அதைச் சொல்ல நீயே நேரில் வந்தாய். அந்த ஒன்றுக்காக இன்றைக்கும் உன்மேல் எனக்கு மதிப்பு இருக்கிறது. சாப்பிட மாட்டேன் என்று கதிரையில் இருந்தாய். அப்பா இரண்டே கேள்விதான் கேட்டார். "கொதிக்க வச்சாப் போயிடாதா?" "போகாது அப்பா. பொரிக்கிற சூட்டுக்கு அது அழியாது." "மணந்து பாத்தாத் தெரியுமா?" "தெரியாது." அவ்வளவுதான். செருப்பைப் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போனார். சவர்க்காரம் காய்ச்சுகிறவரைக் கூப்பிட்டு அந்தப் பெரலை அப்படியே ஏற்றி அனுப்பினார். வந்து கால் கழுவிவிட்டு, "தம்பி, இனிச் சாப்பிடு" என்றார். ஒரு சுடுசொல் இல்லை. அன்று உங்கள் இரண்டு பேரையும் பார்த்து நான் பட்ட சந்தோஷத்தை எந்தக் கோயில் வாசலிலும் பட்டதில்லை.

அடுத்த முறை வரும்போது ஊதா வெளிச்சம் தரும் கை லாம்பு ஒன்றைக் கொண்டுவந்தாய். கழியூதாக் கதிர் என்று கரும்பலகையில் எழுதிப் படிப்பித்திருக்கிறேனே தவிர, அதுவரைக்கும் நான் அதைக் கண்டதில்லை. மில்லின் களஞ்சிய அறையில் யன்னல்களைச் சாக்கால் மறைத்து நீ அதைப் பிடித்தபோது, நல்லது என்று நாங்கள் நினைத்த கொப்பறாவில் அங்கங்கே பச்சை மஞ்சளாகப் புள்ளிகள் மினுங்கின. நான் சின்னப்பிள்ளை மாதிரிக் கத்திவிட்டேன். நீ அவசரப்படவில்லை. இந்த வெளிச்சம் சந்தேகத்தை மட்டும்தான் காட்டும், தீர்ப்புச் சொல்லாது என்றாய். எண்ணெய்க்கு இதைப் பிடித்துப் பிரயோசனமில்லை, எண்ணெய் தானே நீலமாக ஒளிரும், கண்ணை ஏமாற்றிவிடும் என்றாய். பிறகு என் அடுப்படி மேசையில் இருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாய். வெள்ளைப் பூச்சுப் பூசிய தட்டில் எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த சாற்றில் ஒரு சொட்டு, பக்கத்தில் நஞ்சு என்று தெரிந்த திரவத்தில் ஒரு சொட்டு. தட்டின் அடியை நனைக்கும் கரைப்பான் மேலே ஏறும்போது இரண்டும் ஒரே உயரத்தில் நின்று லாம்பில் நீலமாக ஒளிர்ந்தால் அது அஃப்லாடொக்சின். அவசரத்துக்குக் கடதாசிப் பட்டி. அதை எண்ணெயில் நேரே வைக்கக் கூடாது. மதுசாரமும் தண்ணீரும் கலந்து குலுக்கி, நஞ்சை அந்தத் தண்ணீருக்கு இழுத்து, அதில்தான் வைக்கவேண்டும். இரண்டு கோடு வந்தால் நல்லது, ஒன்று வந்தால் கெட்டது. அப்பா கோடு கூடக்கூட நஞ்சும் கூடும் என்று நினைத்துக்கொண்டு, "ரெண்டு கோடு, ரெண்டு கோடு" என்று தலையில் கைவைத்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. இதற்கெல்லாம் மேலே, உடம்பில் நோயை எதிர்க்கிற பிறபொருளெதிரிகள் நிரப்பிய சின்னக் குழாய். அவை நஞ்சை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். மற்ற எல்லாவற்றையும் கழுவிவிட்டு, பிடித்ததை மட்டும் விடுவித்து இயந்திரத்துக்குக் கொடுத்தால், எவ்வளவு இருக்கிறது என்று அது கோடு கீறிக் காட்டும். தடுப்பூசிப் பாடத்தில் மட்டும் பிறபொருளெதிரியைப் படிப்பித்த எனக்கு அது புதினமாக இருந்தது. அடுத்த நாளே வகுப்பில் போய்ச் சொன்னேன்.

இதையெல்லாம் ஏன் உனக்கே திருப்பி எழுதுகிறேன்? நீ அறியாதவன் இல்லை என்பதற்காக. அறியாமல் செய்த பிழை என்றால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை.

அந்த லாம்பை அப்பா மில் வாசல் படலையிலேயே வைத்துக்கொண்டார். கொப்பறா கொண்டு வருகிறவர்களைக் களஞ்சிய அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். மினுங்கினால் சாக்கைத் திருப்பிவிடுவார். மழைக்காலத்தில் பாதிக்கு மேல் திரும்பியது. யுத்தம் முடிந்து வடக்குப் பாதை திறந்திருந்த காலம். வவுனியாவுக்கும் அதற்கு அப்பாலும் எண்ணெய் லொறி லொறியாகப் போனது. அப்போதுதான் முதலாளியின் மில்லும் பெருத்தது. நம் படலையில் திரும்பிய சாக்குகள் எங்கே போயின என்று துப்பறிய வேண்டியிருக்கவில்லை. சாக்கு ஏற்றிவரும் லேண்ட்மாஸ்டர் வண்டிக்காரன் அவனே சொன்னான்: "நீங்க வேணாமெண்டா அங்க இறக்கிறம் ஐயா. அங்க லாம்பு இல்ல." கோபத்தோடு சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னான். கொஞ்ச காலத்தில் காய்ந்த நல்ல கொப்பறாவும் அங்கேயே போகத் தொடங்கியது. இரண்டு இடத்தில் இறக்கி ஏற்ற யாருக்குப் பொறுமை இருக்கிறது? நம் மில் ஒருநாள் ஓடும், மூன்று நாள் நிற்கும். பிறகு நின்றேவிட்டது. செக்கைப் பழைய இரும்புக்குக் கொடுத்தோம். இப்போது அந்தக் கட்டடத்தில் ஒருவர் மோட்டார் சைக்கிள் திருத்துகிறார். அப்பா ஒரு நாளும் உன்னைக் குறை சொன்னதில்லை. "தம்பி சொன்னது சரிதானே" என்பார். நானும் அதையேதான் சொல்கிறேன். நீ சொன்னது சரி. ஆனால் அந்தச் சரிக்கு விலை கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

உனக்குக் கொழும்பில் தனியார் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. கையெழுத்து வைக்கிற இடத்துக்கும் வந்தாய். ஒருநாள் சீனி வாங்க முதலாளியின் கடைக்குப் போனேன். காசு மேசைக்கு மேலே, சாமிப் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டு ஒரு அறிக்கை மாட்டியிருந்தது. எண்ணெயில் நஞ்சு காணப்படவில்லை. கீழே உன் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலைச் சுழித்து இழுக்கிறாயே, அது நான் கைபிடித்து எழுதப் பழக்கியது. பக்கத்தில் நின்ற பெண், என்னிடம் படித்தவள், கையில் குழந்தை, "டீச்சர், உங்கட மகன்தானே பாத்துச் சொல்லியிருக்கிறார்? அதான் நாங்க நம்பி வாங்கிறம்" என்று ஒரு போத்தலை எடுத்துக்கொண்டாள். நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? சந்தோஷம் என்று சொன்னேன். சீனியை மறந்துவிட்டு வந்து, பாதி வழியில் ஞாபகம் வந்து, திரும்பிப் போகவில்லை. வீட்டில் சொன்னபோது அப்பா, "அவன் பாத்திருந்தா அது சரியாத்தான் இருக்கும். மனிசர் திருந்திறேல்லையா?" என்றார். அடுத்த மாதமே அந்தக் கடையில் எண்ணெய் வாங்கத் தொடங்கிவிட்டார். எண்ணெய் மில் வைத்திருந்த மனிதர், மகனின் கையெழுத்தை நம்பி அடுத்தவனின் எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கினார். நான் அவருக்குத் தெரியாமல் அதைச் சாமி விளக்குக்கு ஊற்றிவிட்டு, சமையலுக்கு வேறு வாங்கினேன்.

தைப்பொங்கலுக்கு நீ வந்தபோது உன்னிடம் கேட்டேன். உனக்கு மறந்திருக்காது, மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். "முதலாளிட எண்ணெய நீதான் பாத்தியா?" என்றேன். "ஓம்" என்றாய். "மாதிரிய ஆர் எடுத்தது?" "அவங்கதான் போத்தல்ல கொண்டு வாறது அம்மா. மாதிரி எடுக்கிறது எங்கட வேல இல்ல. தாறதப் பாத்துச் சொல்றதுதான் எங்கட வேல." "போத்தல் தெளிஞ்சிருந்ததா, கலங்கியிருந்ததா?" நீ கோப்பையிலிருந்த பொங்கல் புக்கையைக் கிண்டிக்கொண்டிருந்தாய். பிறகு, "எல்லா இடத்திலயும் இப்பிடித்தான் அம்மா. றிப்போட்டில கீழ போட்டிருக்கு, கொண்டு வந்து தந்த மாதிரிக்கு மட்டும்தான் இந்த முடிவு எண்டு" என்றாய். "அத வாசிக்க அந்தப் பிள்ளைக்குப் பூதக்கண்ணாடி வாங்கிக் குடுப்பியா?" என்றேன். எந்தப் பிள்ளை என்றுகூட நீ கேட்கவில்லை. வேலை இருக்கிறது என்று பின்னேரக் கோச்சியிலேயே கொழும்புக்குப் புறப்பட்டுவிட்டாய்.

நீ அவரிடம் ஏதாவது வாங்கியிருப்பாய் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. அதை உன் முகத்துக்கு நேரே சொல்வேன். வாங்கியிருந்தால் எனக்கு இலகு, திட்டித் தீர்த்துவிடலாம். நீ ஒன்றும் வாங்கவில்லை. ஒன்றும் கேட்கவுமில்லை. கேட்காமல் இருப்பது வசதியாக இருந்தது, அவ்வளவுதான். சாரத்தோடு நின்ற உன் அப்பாவுக்கு முன்னால் உனக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு வந்தது. "இது மாதிரி இல்ல, இது அன்பளிப்பு" என்று சொல்ல வாய் வந்தது. காரில் வந்து இறங்கி, ஏசி அறையில், தெளிந்த எண்ணெயை நீட்டிய மனிதருக்கு முன்னால் அந்த வாய் எங்கே போனது? அப்பாவுக்கு நடத்திய பாடத்தை அவருக்கும் நடத்தியிருக்கலாமே. "ஐயா, நாங்களே வந்து கலக்கி எடுக்கிறோம், அல்லது எழுத்தைப் பெரிதாகப் போடுகிறோம்" என்று ஒரு வார்த்தை. வேலை போய்விடும் என்று பயந்தாயா? அப்பாவுக்கு மில்லே போனது, மகன்.

நான் அவருடைய எண்ணெய் கெட்டது என்று சொல்லவில்லை. அதையும் கவனமாக வாசி. விஞ்ஞானம் படிப்பித்தவள் கண்ணால் பார்த்து அப்படிச் சொல்லமாட்டாள். நல்லதாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்குக் கீழே உன் கையெழுத்து இருக்கிறது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

கலியாணம் கட்டப்போகிறவனுக்குத் தாய் எழுதும் கடிதத்தில் புத்திமதி இருக்கவேண்டுமாம். ஒன்றே ஒன்று சொல்கிறேன். நீ கட்டப்போகிற பிள்ளையை எனக்குப் பிடித்திருக்கிறது. பெண்பார்க்கப் போன அன்று, "மாமி, அவர் கோவம் வந்தாக் கதைப்பாரா, கதைக்காம இருப்பாரா?" என்று என்னைத் தனியாகக் கேட்டாள். கதைக்காமல் இருப்பான் என்று உண்மையைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "அப்ப நான்தான் கிண்டிக் கேக்கணும்" என்றாள். அவளுக்கு மேலே தெளிந்ததை மட்டும் வார்த்துக் கொடுத்துக்கொண்டு குடும்பம் நடத்திவிடலாம் என்று நினைக்காதே. இந்தக் கடிதத்தை அவளுக்கும் காட்டு. நீ காட்டாவிட்டால் நான் காட்டுவேன். பலகாரப் பெட்டி அவள் வீட்டுக்கும்தான் போகிறது.

இனிப் போத்தல்களின் கதை. நேற்றுக் காலை, வெயில் ஏறும் முன்னர், பெரலில் மாதிரி எடுத்துத் தரச் சொல்லி அப்பாவைக் கேட்டேன். எனக்கு மூடியைத் திறக்கக் கை வலிமை போதாது. அவர் எழுந்து போய் அகப்பையைக் கொண்டுவந்தார். துணியால் துடைத்தார். மூடியை மெல்லத் திறந்து, பெரல் அசையாமல், மேலாக ஒரு அள்ளு அள்ளி வார்த்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். அன்றைக்குப் போலவே தண்ணீர் மாதிரி இருந்தது. "கலக்கேல்லையா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "பிள்ளைட கலியாணம். விடு" என்றார்.

மகன், அந்த மனிதர் தன் சொந்த எண்ணெயைக் கலக்கி எடுத்துக் கொடுத்தார். அது தேறாதபோது சவர்க்காரத்துக்கு அனுப்பினார். தன் மில்லை மூடவைத்தவரின் பெரலுக்கு முன்னால் நின்று, உனக்காக, மேலே தெளிந்ததை அள்ளினார். மறதியில் செய்யவில்லை. நீ சொல்லிக்கொடுத்ததை அவர் மறக்கிறவர் இல்லை. நீ சங்கடப்படாமல் ஒரு நல்ல பதில் எழுதவேண்டும் என்று, தான் படித்த ஒரே பாடத்தைத் தன் கையாலேயே அழித்தார். அதைப் பார்த்த என் கண்ணை என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ செய்ததெல்லாவற்றையும் விட, அவரை இதைச் செய்ய வைத்தாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் போய்க் கட்டையை எடுத்து வந்தேன். அடிவரைக்கும் விட்டு, தோள் வலிக்கும்வரை கலக்கினேன். மேலே, நடுவே, அடியில் என்று எடுத்து, ஒன்றாகக் கலந்து, இரண்டாவது போத்தலை நிரப்பினேன். அவர் மாமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை. பிறகு இரண்டு போத்தலையும் தானே வாங்கி, பேப்பரில் சுற்றி, உடையாதபடி தேங்காய்த் தும்பு வைத்துக் கட்டினார். "ரெண்டையும் அனுப்பு. எதப் பாக்கிறதெண்டு அவனுக்குத் தெரியும்" என்றார்.

போத்தல்களில் பெயர் ஒட்டவில்லை. எது யாருடையது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, வெளிச்சத்தில் பிடித்தாலே தெரியும். எதைத் திறப்பாய் என்று நான் கேட்கவில்லை. அறிக்கையும் எழுதி அனுப்பவேண்டாம். அறிக்கை எழுதத்தான் உனக்கு நன்றாகத் தெரியுமே. வெள்ளிக்கிழமை விடிய வீட்டுக்கு வா. ஒழுங்கைப் பெண்கள் எல்லாரும் இருக்கும்போது, அந்தப் பெரலுக்குப் பக்கத்தில் நின்று, எல்லாருக்கும் கேட்க, "அம்மா, சுடுங்க" என்றோ "சுடாதீங்க" என்றோ சொல். சுடாதே என்றால் பெரலை நானே கவிழ்ப்பேன், உன்னோடு கடைக்கு வந்து அந்தக் கண்ணாடி போட்ட அறிக்கையையும் கழற்றுவேன். சுடு என்றால் அந்த இடத்திலேயே அடுப்பு மூட்டுவேன், வேறு கேள்வி கேட்கமாட்டேன். ஆனால் முதல் பணியாரத்தை உனக்குத் தரமாட்டேன். அப்பாவுக்குத் தருவேன். நீ சொன்னால் அவர் சாப்பிடுவார்.

அம்மா